யுரேனிய ஒப்பந்தம்: கையெழுத்துக்குப் பிறகு நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாட்டுத் தலைவர்கள் ஆஸ்திரேலியா, கனடா, கஜகஸ்தான் என்று போய்வரும் ஒவ்வொரு முறையும் "யுரேனியம் வாங்க உடன்பாடு", "அணுமின் நிலையங்களுக்கு இனி எரிபொருள் தட்டுப்பாடு இல்லை" என்று நாளிதழ்களில் தலைப்பு வருகிறது. கூடவே இரு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்கும் படம். அந்த யுரேனியம் பிறகு வந்து சேர்ந்ததா, எவ்வளவு வந்தது, எந்த உலைக்குப் போனது என்று எழுதுவார் யாரும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான நாளுக்கும் எரிபொருள் உலைக்குள் நுழையும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. சில ஒப்பந்தங்கள் அந்த இடைவெளியிலேயே நின்றுபோகின்றன. வாசகர்களுக்கு இந்த இடைவெளியைப் பற்றித்தான் தெரிய வேண்டும்.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். உலகில் அறியப்பட்ட யுரேனிய வளத்தில் கால்பங்குக்கு மேல் அந்த ஒரு நாட்டில் இருக்கிறது. இந்தியாவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2014 செப்டம்பர் 5 அன்று புதுதில்லியில் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 2015 நவம்பர் 13-ல். இடையில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஒப்பந்தங்களுக்கான கூட்டுக்குழு அதை ஆராய்ந்தது. ஒப்பந்தத்தை ஏற்கலாம், ஆனால் இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பு தன்னாட்சி பெற வேண்டும், குடிமைப் பயன்பாட்டு நிலையங்களும் ராணுவ நிலையங்களும் முழுமையாகப் பிரிக்கப்பட்டிருப்பது சரிபார்க்கப்பட வேண்டும், அதுவரை யுரேனியத்தை விற்கக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. அரசு இவற்றை முன்நிபந்தனைகளாக ஏற்கவில்லை. அப்படியும், இந்தியாவுக்கான ஏற்றுமதியை உள்ளூர் நீதிமன்றத்தில் யாரும் முடக்கிவிடாமல் இருக்க 2016 டிசம்பரில் தனிச் சட்டம் ஒன்று போட வேண்டியிருந்தது. 2017-ல் சோதனைக்கென ஒரு சிறு அளவு அனுப்பப்பட்டது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டன் வரும் என்று 2014-ல் எழுதியவர்கள் எதிர்பார்த்த வணிகம் அதைத் தொடர்ந்து மலரவில்லை.

இதற்கு அரசியல் மட்டும் காரணமல்ல. ஆஸ்திரேலியாவில் மண்ணுக்குள் இருப்பது வேறு, தோண்டி எடுப்பது வேறு. குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய மாநிலங்களின் அரசுகள் யுரேனியச் சுரங்கத்துக்குத் தடை வைத்திருக்கின்றன. ரேஞ்சர் சுரங்கம் 2021 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பெரிய சுரங்கமான ஒலிம்பிக் டாமில் முதன்மைப் பொருள் செம்பு; யுரேனியம் அதன் உடன்விளைபொருள். செம்பு எடுக்கும் வேகத்துக்குத்தான் யுரேனியமும் வரும், அதிலும் பெரும்பகுதி பழைய வாடிக்கையாளர்களுக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் போய்விடுகிறது. அரசுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் விற்பதற்கான அனுமதி மட்டுமே. விற்பவர் சுரங்க நிறுவனம். வாங்குபவர் நம் அணுசக்தித் துறை. விலை, அளவு, காலம் ஆகியவற்றை இவர்கள் இருவரும் தனியாகப் பேசி முடித்தால்தான் சரக்கு கப்பல் ஏறும். கனடா விஷயத்தில் இது நடந்தது. 2010 ஜூனில் ஒப்பந்தம், 2013-ல் நடைமுறை, 2015 ஏப்ரலில் கேமிகோ நிறுவனத்துடன் 71 லட்சம் பவுண்டுக்கான வணிக ஒப்பந்தம். முதல் கையெழுத்துக்கும் கொள்முதலுக்கும் நடுவே ஐந்து ஆண்டுகள் ஆயின. நமீபியாவுடன் 2009-ல் போட்ட ஒப்பந்தம் அந்த நிலைக்கும் வரவில்லை. ஆப்பிரிக்காவை அணு ஆயுதமற்ற பகுதியாக்கும் பெலிண்டாபா உடன்படிக்கை அந்நாட்டின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

பவுண்டு என்றதும் அளவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் செய்திகளில் அதிகம் பிழையாவது இதுதான். சந்தையில் விற்பது யுரேனிய ஆக்சைடு தூள். ஆலைகளில் எல்லோகேக் என்பார்கள். அந்தத் தூளில் யுரேனியம் மட்டும் நூற்றுக்கு 85 பங்கு, மீதி ஆக்சிஜன். ஒரு பவுண்டு தூளில் இருக்கும் யுரேனியம் 0.385 கிலோ. ஆக 71 லட்சம் பவுண்டு என்பது சுமார் 3,200 டன் தூள், சுமார் 2,730 டன் யுரேனியம். ஒரு நாளிதழ் முதல் எண்ணையும் இன்னொன்று இரண்டாவது எண்ணையும் போட, வாசகர் எதை நம்புவார்? 2,000 டன் ஒப்பந்தம் ஒன்றில் இந்தக் குழப்பம் 300 டன் வரை வித்தியாசம் காட்டும்.

அந்த 300 டன் சிறிய அளவல்ல. இயற்கை யுரேனியத்தையே எரிக்கும் நம் 220 மெகாவாட் கனநீர் உலை ஒன்றின் வெப்பத்திறன் சுமார் 755 மெகாவாட். ஒரு டன் யுரேனியத்திலிருந்து சுமார் 7,000 மெகாவாட்-நாள் (ஒரு மெகாவாட் வீதம் 7,000 நாள்) வெப்பம் எடுக்கலாம். 85 சதவீதத் திறனில் ஓட்டினால் ஆண்டுக்கு 33 முதல் 35 டன் யுரேனியம் செலவாகும். 300 டன் இருந்தால் அப்படிப்பட்ட ஓர் உலையை எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டலாம். காக்ராபாரில் ஓடும் 700 மெகாவாட் உலைகளுக்குத் தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 100 டன் வேண்டும். புதிய உலை தொடங்கும்போது அதன் உட்பகுதியை முழுதாக நிரப்ப வேறு வேண்டும். 220 மெகாவாட் உலையில் 306 குழாய்கள், குழாய்க்கு 12 கட்டுகள் (எரிபொருள் அடைத்த மெல்லிய குழாய்களின் தொகுப்பு), கட்டுக்கு 13 கிலோவுக்குச் சற்று மேல் யுரேனியம். தொடக்கத்துக்கே 50 டன் ஆகிவிடுகிறது. ஓடத் தொடங்கிய பின் நாளொன்றுக்கு ஏழெட்டுக் கட்டுகள் உள்ளே போய், அத்தனையே வெளியே வரும்.

உள்நாட்டுச் சுரங்கங்கள் இதைத் தாங்குமா? ஜார்க்கண்டின் ஜாதுகோடா, நர்வாபஹார், துராம்டி, ஆந்திரத்தின் தும்மலப்பள்ளி ஆகிய இடங்களில் எடுக்கும் தாதுவில் யுரேனியம் பெரும்பாலும் நூற்றுக்கு 0.1 கூடத் தேறாது. கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் அது 10-ஐத் தாண்டும். ஒரே அளவு யுரேனியத்துக்கு நாம் நூறு மடங்குக்கு மேல் பாறை அரைக்கிறோம். 2007 முதல் 2009 வரை உள்நாட்டு யுரேனியத்தை மட்டும் நம்பியிருந்தபோது நம் கனநீர் உலைகள் பாதித் திறனை ஒட்டித்தான் ஓடின. கட்டி முடித்த உலை, பயிற்சி பெற்ற ஆட்கள், மின்கம்பி எல்லாம் தயாராக இருந்தும் எரிபொருள் இல்லாமல் சுருக்கி ஓட்டினார்கள். 2008 செப்டம்பர் 6 அன்று வியன்னாவில் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு இந்தியாவுக்கு அணு வணிகத் தடையிலிருந்து விலக்கு அளித்த பிறகே பிரான்ஸிலிருந்து 300 டன்னும், ரஷ்யாவின் டிவிஇஎல் நிறுவனத்திடமிருந்து 2,000 டன் இயற்கை யுரேனியப் பெல்லட்டும் (சுட்ட சிறு வில்லைகள்) ஒப்பந்தமாயின. கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் பின்னால் சேர்ந்தன. உலைகள் மீண்டும் முழுத்திறனுக்கு ஏறியது இதனால்தான். வெளிநாட்டு யுரேனியம் தேவையில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வெளிநாட்டு யுரேனியம் எல்லா உலைக்கும் போகாது. தமிழ்நாட்டு வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. குடிமை உலைகளையும் ராணுவ நிலையங்களையும் பிரிக்கும் 2006-ன் திட்டப்படி அன்றிருந்த, அல்லது கட்டப்பட்டுவந்த 22 உலைகளில் 14 மட்டுமே சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. கல்பாக்கத்தின் இரண்டு 220 மெகாவாட் உலைகள், கைகாவின் நான்கு, தாராப்பூரின் மூன்றாம் நான்காம் உலைகள் ஆகிய எட்டும் கண்காணிப்புக்கு வெளியே நிற்கின்றன. கனடாவிலிருந்து எத்தனை கப்பல் வந்தாலும் கல்பாக்கத்துக்கு ஒரு கட்டும் போக முடியாது. அங்கே எரிவது முழுக்க ஜார்க்கண்ட், ஆந்திர யுரேனியம். "வெளிநாட்டு யுரேனியத்தால் கல்பாக்கத்தில் உற்பத்தி உயரும்" என்று எழுதினால் அது நேரடியாகத் தவறு. மறைமுகமாக உதவி உண்டு: ராஜஸ்தானும் நரோராவும் வெளிநாட்டுச் சரக்கில் ஓடினால், உள்நாட்டுச் சரக்கு கல்பாக்கத்துக்கு மிஞ்சும். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் எதிர்ப்பாளர்கள் கேட்பதும் இதையேதான்: நாங்கள் தரும் யுரேனியத்தால் மிச்சமாகும் உங்கள் யுரேனியம் எங்கே போகிறது? நியாயமான கேள்வி. அதற்கு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் விடை கிடையாது. கண்காணிப்பில் உள்ள நிலையங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதோடு அதன் எல்லை முடிகிறது.

பேச்சுவார்த்தைகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் இந்தக் கணக்கு வைக்கும் விஷயத்தில்தான். விற்ற நாடு, தன் யுரேனியம் இந்தியாவில் எந்த இடத்தில் எந்த வடிவில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் அறிக்கை கேட்கிறது. முகமையிடம் ஏற்கெனவே கணக்குக் கொடுக்கிறோம், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக எதற்கு என்பது இந்தியாவின் நிலை. ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் சுத்திகரிக்கும்போது கனடாவின் தூளும் கஜகஸ்தானின் தூளும் ஒரே தொட்டியில் கலந்துவிடும். அணுவுக்கு அணு பிரித்துக் காட்ட முடியாது. வங்கியில் போட்ட அதே நோட்டை யாரும் திரும்பக் கேட்பதில்லை, அதே தொகையைக் கேட்கிறோம். அதுபோல, இத்தனை கிலோ கனடாவுக்குக் கடன்பட்டது என்று ஏட்டில் குறித்து, சுத்திகரிப்பு, பெல்லட், கட்டு, உலை, பயன்படுத்திய எரிபொருள் என்று ஒவ்வொரு படியிலும் அந்த எண்ணைப் பின்தொடர்கிறார்கள். கனடாவுடன் 2010-ல் ஒப்பந்தமான பிறகும் மூன்று ஆண்டுகள் தாமதமானது இந்த ஏட்டின் வடிவம் பற்றிய இழுபறியில். அமெரிக்காவுடனான இதே சிக்கல் 2015 ஜனவரியில் ஒபாமா வந்தபோதுதான் தீர்ந்தது; ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2008 அக்டோபரில்.

கனநீர் உலையில் இந்த ஏட்டைப் பராமரிப்பது கூடுதல் கடினம். கூடங்குளத்தில் உள்ளதுபோன்ற உலையை நிறுத்தி, மூடியைத் திறந்துதான் எரிபொருள் மாற்ற முடியும். முகமையின் ஆய்வாளர் அப்போது வந்தால் போதும், மற்ற நாளில் முத்திரையும் கேமராவும் பார்த்துக்கொள்ளும். கனநீர் உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அன்றாடம் கட்டுகள் மாறுகின்றன. அதனால் வெளியேறும் ஒவ்வொரு கட்டையும் எண்ணும் கருவிகளைப் பொருத்துகிறார்கள். கருவி ஒருநாள் பழுதானாலும், பயன்படுத்திய எரிபொருளைப் போட்டுவைக்கும் குளத்தில் கிடக்கும் கட்டுகளை மறுபடி எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஆலைகளில் குழாய்ச் சுவரிலும் வடிகட்டியிலும் படியும் தூளால் ஆண்டிறுதி இருப்பெடுப்பில் சில கிலோ வித்தியாசம் வருவது இயல்பு. அதற்குக் கணக்கில் வராத பொருள் என்று பெயர். அந்த எண் சாதாரண அளவுப்பிழைக்குள் அடங்குகிறதா என்பதையே முகமை பார்க்கிறது. இதைத் தெரியாமல் "யுரேனியம் மாயம்" என்று தலைப்பிட்டு மக்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரக்குப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூளை 200 லிட்டர் எஃகு ட்ரம்களில் அடைப்பார்கள். ட்ரம்முக்கு ஏறக்குறைய 400 கிலோ வரை. 20 அடி கன்டெய்னர் ஒன்றில் 35 ட்ரம் அளவில் ஏறும். கதிரியக்கம் குறைந்த சரக்கு வகை. பக்கத்தில் நின்றால் ஆபத்து என்பதில்லை, தூள் மூச்சில் போகக் கூடாது, அவ்வளவே. நன்றாக உலராமலும் ஆறாமலும் மூடிவிட்டால் உள்ளே ஆக்சிஜன் வெளியாகி அழுத்தம் ஏறும். 2012-ல் கனடாவின் பிளைண்ட் ரிவர் ஆலையில் ட்ரம் மூடி இப்படித்தான் தெறித்தது. வந்திறங்கிய பின் எடை, மாதிரி, ஆய்வு. போரான், காட்மியம், கடோலினியம் போன்றவை நியூட்ரானை விழுங்கும் தனிமங்கள். இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 மட்டுமே என்பதால், கனநீர் உலைக்கு வீணாக்க நியூட்ரான் மிச்சமில்லை. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான போரான்கூடக் கணக்கில் வரும். சுத்திகரித்த தூளில் ஹைட்ரஜன் கொண்டு ஆக்சிஜனைக் குறைத்து, அழுத்தி, 1,700 டிகிரி அளவில் சுட்டுப் பெல்லட்டாக்கி, ஜிர்க்கோனியக் கலவைக் குழாயில் அடைத்து வெல்டிங் செய்தால் கட்டு தயார். வந்த தூள் கட்டாகி உலையேற மாதக்கணக்கில் ஆகும். தட்டுப்பாடு வந்தபின் ஒப்பந்தம் தேடுவது காலம் கடந்த வேலை என்று சொல்வது இதனால்தான்.

ஒப்பந்தத்தில் எழுதிய வாக்கு எவ்வளவு நிற்கும் என்பதற்குத் தாராப்பூர் சாட்சி. 1963 ஒப்பந்தப்படி முதலிரண்டு உலைகளுக்கும் 30 ஆண்டுகள், 1993 வரை, செறிவூட்டிய (யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டிய) யுரேனியம் தருவதாக அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அமெரிக்க எரிபொருளையே பயன்படுத்துவதாக நாமும் ஒப்புக்கொண்டோம். 1974 பொக்ரான் சோதனைக்குப் பின், 1978-ல் அமெரிக்கா அணு ஏற்றுமதி பற்றிய தன் உள்நாட்டுச் சட்டத்தை மாற்றியது. பழைய ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தும் என்றது. 1980-ல் 38 டன் அனுப்பும் அனுமதி அமெரிக்க செனட்டில் 48-க்கு 46 என்ற கணக்கில் தப்பியது. 1982-ல் அந்தப் பொறுப்பு பிரான்ஸுக்கு மாறியது; 1993-க்குப் பின் சீனா தந்தது; 2001-ல் ரஷ்யா. ஒரே நிலையத்துக்கு நான்கு நாடுகள் மாறி மாறி எரிபொருள் தந்திருக்கின்றன. பயன்படுத்திய எரிபொருளை மறுசுழற்சி செய்ய அமெரிக்கச் சம்மதம் வேண்டும் என்ற விதியால் அது தாராப்பூரிலேயே குவிந்தது.

இந்தப் பாடம் படித்தவர்கள் 2008 இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் எரிபொருள் சேமிப்புக் கிடங்கு அமைக்க அமெரிக்கா துணைநிற்கும், வழங்கல் தடைப்பட்டால் ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் போன்ற நாடுகளைக் கூட்டி வழி காணும் என்று எழுத வைத்தார்கள். நல்ல வேலை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அதிபர் புஷ் தம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கடிதத்தில் இவை அரசியல் வாக்குறுதிகள், சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல என்று குறிப்பிட்டார். பதினான்காம் பிரிவு, ஒத்துழைப்பு முறிந்தால் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கும் உரிமையையும் வைத்திருக்கிறது. எனவே கையில் இருக்கும் டன்தான் உண்மையான உத்தரவாதம்.

கூடங்குளத்தின் நிலை வேறு. அங்கு வேண்டியது 4 சதவீதத்தை ஒட்டிச் செறிவூட்டிய யுரேனியம். ஒரு கிலோ செய்ய எட்டுக் கிலோ இயற்கை யுரேனியம் தேவை. அறுகோண வடிவில், உலைக்கு 163 எரிபொருள் தொகுதிகள். அந்த வடிவில் செய்து தருவது ரஷ்யா. ஆயுள் முழுதும் எரிபொருள் தருவதாக 1988 ஒப்பந்தத்தின் வழி ரஷ்யா ஏற்றிருக்கிறது, இதுவரை தவறவில்லை. முதலில் பயன்படுத்திய எரிபொருளும் அங்கேயே திரும்புவதாக இருந்தது. 1998 துணை ஒப்பந்தத்தில் அது இந்தியாவிடமே தங்குவதாக மாறியது. அணுமின் நிலைய வளாகத்திலேயே தனிச் சேமிப்புக் கிடங்கு வேண்டியிருப்பதும், 2013-ல் உச்ச நீதிமன்றம் ஐந்தாண்டு கெடு வைத்ததும், பிறகு அது நீட்டிக்கப்பட்டதும் அந்த மாற்றத்தின் விளைவுகள். பேச்சுவார்த்தை மேசையில் மாறிய ஒரு விதி நெல்லைக் கடற்கரையில் எத்தனை தலைமுறைக்கு நீள்கிறது பாருங்கள். 1998-ல் இதைத் தமிழ்நாட்டில் விரிவாக விவாதித்திருக்க வேண்டும்.

சந்தை நிலவரமும் அமைதியாக இல்லை. உலக உற்பத்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் தரும் கஜகஸ்தானில், கந்தக அமிலப் பற்றாக்குறையால் 2024-ல் உற்பத்தித் திட்டம் குறைந்தது. அங்கே மண்ணுக்குள் அமிலம் செலுத்தித்தான் யுரேனியத்தைக் கரைத்தெடுக்கிறார்கள். நைஜரில் 2023 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் பிரெஞ்சு நிறுவனம் சுரங்கத்தின் பிடியை இழந்தது. 2024 மே மாதம் அமெரிக்கா ரஷ்ய யுரேனிய இறக்குமதிக்குத் தடைச் சட்டம் போட்டது. 2016-ல் பவுண்டு 20 டாலருக்கும் கீழ் விற்ற தூள் 2024 ஜனவரியில் 100 டாலரைத் தாண்டியது. 2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கும் நேரம் இது.

என் கோரிக்கை எரிபொருள் இருப்பைப் பற்றியது. 700 மெகாவாட் உலை ஒன்றுக்கு ஐந்தாண்டு இருப்பு வைப்பதாகக் கொள்வோம். 500 டன் யுரேனியம், 13 லட்சம் பவுண்டு தூள், சுமார் 1,500 ட்ரம், நாற்பதுக்குச் சற்று மேல் கன்டெய்னர், ஒரு கிடங்கு. பவுண்டு 80 டாலர் என்று போட்டாலும் ஏறத்தாழ 10.4 கோடி டாலர். இது உலை கட்டும் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவு. அந்த உலை எரிபொருளின்றி ஒருநாள் நின்றால் 1.68 கோடி யூனிட் போகும். யூனிட் 4 ரூபாய் என்றாலும் நாளுக்கு 6.7 கோடி ரூபாய். நிலக்கரியை ஐந்தாண்டுக்குக் குவித்து வைக்க முடியாது, யுரேனியத்தை முடியும். விலை தாழ்ந்திருந்த ஆண்டுகளில் இதைச் செய்திருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும்.

ஆகவே, அடுத்த முறை "யுரேனிய உடன்பாடு" என்ற செய்தி வரும்போது உங்கள் நிருபர் அணுசக்தித் துறையிடம் கேட்க வேண்டியவை: இது அரசுகளின் ஒப்பந்தமா, கொள்முதல் ஒப்பந்தமா? அளவு தூளிலா, யுரேனியத்திலா? எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை? கணக்கு ஏட்டின் வடிவம் பற்றிய நிர்வாக ஏற்பாடு முடிந்துவிட்டதா? மறுசுழற்சிக்குச் சம்மதம் முன்கூட்டியே உண்டா? வழங்கல் நின்றால் என்ன பிரிவு? கண்காணிப்பில் உள்ள உலைகளுக்கு இன்று கையிருப்பு எத்தனை மாதம்? கடைசிக் கேள்விக்கு நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் பதில் வைக்கலாம். குடிமை உலைகளின் கணக்கு ஏற்கெனவே வியன்னாவில் உள்ள முகமைக்குப் போகிறது; நம் மக்களவைக்கு வருவதில் ரகசியம் கெட்டுவிடாது. தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை எழுப்ப உங்கள் நாளிதழ் தூண்டுகோலாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அணு எரிபொருள் துறையை அறிந்த வாசகர்,
சென்னை